மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. 'அஃபேசியா' என்றார்கள். எதைக் கேட்டாலும் "அது... அது..." என்கிறார். சத்தமாகத் திரும்பத் திரும்பக் கேட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறார். முன்பெல்லாம் தினமும் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்காருவார். யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று இப்போது அனுப்புவதில்லை. நாங்கள் செய்வது சரியா?
- ஒரு மருமகள், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, காப்பிக்கடையை நிறுத்தியது சரியில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சத்தம்.

அடிபட்டது காது இல்லை. மூளையில் மொழியைக் கவனிக்கும் பகுதி. பெரும்பாலோருக்கு அது இடப்பக்கம் இருக்கிறது. 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளிக்கு 'டான்' என்ற ஒலி மட்டுமே வந்தது. ஆனால் பிறர் பேசியது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. உங்கள் மாமாவின் 'அது'வும் அந்த மாதிரிதான் போலிருக்கிறது. சிலருக்குப் புரிந்துகொள்வதும் கொஞ்சம் தடுமாறும், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்றால் அவர் ஒரு சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். ரொட்டியையும் தோசையையும் காட்டினால் கைநீட்டினால் போதும். தலையாட்டலை மட்டும் நம்பாதீர்கள். நம் ஆட்களின் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்பது, நன்றாகப் பேசுகிறவர்களிடமே பிடிபடாது! அஃபேசியா உள்ளவர்களுக்கு இரண்டும் மாறியும் போகும். தாளில் ஒரு சரி, ஒரு தப்பு போட்டுத் தொடச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு மலாயில் 'மாக்கான்' என்று வந்தால் அதுவும் பேச்சுதான், தமிழில் சொல்லச் சொல்லித் திருத்த வேண்டாம்.

கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இதுதான் கஷ்டம். என் அத்தைக்கு இப்படி ஆனபோது அவர் வாயெடுப்பதற்குள் நானே சொல்லி முடித்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்தில் அவர் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "புரியல மாமா, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றால் அவர் கோபிக்க மாட்டார்.

சரி, காப்பிக்கடை. முதலில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். விழுங்குவதைப் பார்ப்பவரும் அவர்தான். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குத் தேநீர் மாதிரி நீர்த்த பானம் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவர் சரி என்றால், கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரே ஒரு நண்பரை வரச்சொல்லுங்கள். சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்கட்டும்: 'பக்கவாதத்தால் எனக்குப் பேச்சு தடைபடுகிறது. நீங்கள் சொல்வது புரியும். கொஞ்சம் பொறுங்கள்.' பின்பக்கம் அதையே ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதுங்கள். 'அஃபேசியா எஸ்ஜி' அமைப்பின் 'சிட் சாட் கஃபே' சந்திப்புகளையும் விசாரியுங்கள். அங்கே இதே நிலையில் இருப்பவர்கள் வருகிறார்கள்.

பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' தேநீர் வேண்டுமென்றால் அவரே படத்தைக் காட்டிக் கேட்கட்டும். ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். பின்னால் வரிசையில் நிற்கும் அங்கிளிடம் நீங்கள் ஒரு 'சாரி' சொல்லிக்கொள்ளுங்கள்.