எல்லாம் எழுதியிருக்கிறது, ஆனாலும் விளங்கவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் பயிலுநர்கள் எங்கள் மென்பொருளைத் தங்கள் கணினியில் நிறுவுவதற்கான வழிகாட்டியைத் திருத்தி எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. நீண்ட வசனங்களை உடைத்து, கடினமான சொற்களை நீக்கிவிட்டேன். ஆனாலும் வருகிறவர்கள் முதல் நாளே தடுமாறுகிறார்கள். மூத்தவர்களோ, எல்லாம் எழுதியிருக்கிறது, இவர்கள் ஒழுங்காக வாசிப்பதில்லை என்கிறார்கள். சில பக்கங்களை இணைத்துள்ளேன். வேறென்ன செய்யலாம்?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

பக்கங்களைப் படித்தேன். வசனங்களில் இப்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரிந்தே இருப்பதால் எழுதத் தோன்றாமல் போன விடயங்களில்தான் பயிலுநர்கள் சிக்குகிறார்கள்.

மூன்றாம் படியைப் பாருங்கள். கட்டளைக்கு முன்னால் ஒரு டொலர் குறி நிற்கிறது. கட்டளைகளைத் தட்டும் சாளரமான டேர்மினல் அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் அடையாளம் அது என்பதை அறியாதவர் அதையும் சேர்த்தே ஒட்டுவார். அப்படியொரு கட்டளை இல்லை என்று பதில் வரும். அடுத்த வரி இன்னும் பொல்லாதது. பயனர்பெயர் இடவேண்டிய இடத்தை, வரியின் நடுவே கோண அடைப்புக்குறிகளுக்குள் காட்டியிருக்கிறீர்கள். ஒருவர் தன் பெயரை இட்டுக் குறிகளை அப்படியே விட்டுவிட்டால், டேர்மினலில் கட்டளைகளை வாசித்து இயக்கும் பாஷ் என்ற நிரல் அந்த இடப்பக்கக் குறியை ஒரு கோப்பிலிருந்து உள்ளீட்டை எடுக்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று சொல்லும். பாவம், அவர் இல்லாத கோப்பைத் தேடத் தொடங்குவார். பைதன் என்ற நிரல்மொழி நிறுவப்படாத இன்றைய வின்டோஸ் கணினியில் பைதன் என்று தட்டினால் பிழைச்செய்திக்குப் பதிலாக மைக்ரோசொஃப்ட் ஸ்டோரே திறந்துவிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை.

ஆகவே ஒவ்வொரு படியிலும், எந்தக் கோப்புறையில் நின்று எதைத் தட்ட வேண்டும் என்பதோடு, சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் எழுதுங்கள். அடிக்கடி வரும் பிழைச்செய்திகளைத் திரையில் தோன்றும் அதே எழுத்துகளில் கொடுத்தால், தேடுகிறவர் உங்கள் பக்கத்துக்கே வந்து சேருவார்.

நான்காம் படியில் அமைப்புக் கோப்பின் தெரிவுகள் அத்தனையும் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கப்பட்டுள்ளன. அவற்றை அங்கிருந்து எடுத்துவிடலாம். ஆவணங்களைப் பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கும் உசாத்துணை, விளக்கம் என்று, மென்பொருள் ஆவணங்களை எழுதும் முறை பற்றிப் பேசிவரும் டானியேலே புரோசிடா நான்காகப் பிரிக்கிறார். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் இரண்டுமே கெடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பைதனில் வலைச்செயலிகளைக் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளின் ஆவணங்களில் இந்தப் பிரிவினையைக் காணலாம். அதன் பயிற்சிப் பாடம் ஒரு சிறிய வாக்கெடுப்புச் செயலியை ஒரே பாதையில் கட்டச் சொல்கிறது. மற்றத் தெரிவுகளெல்லாம் உசாத்துணைப் பகுதியில் இருக்கின்றன. 1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடும் உசாத்துணைதான். ஏற்கெனவே பழகியவர்களுக்கு அது போதும். உங்கள் மூத்தவர்கள் எல்லாம் இருக்கிறது என்று சொல்வதும் அந்தப் பொருளில் உண்மையே.

எழுதியதைச் சோதிக்க மூத்தவர்களுடைய கணினிகள் உதவா. வேண்டியதெல்லாம் அவற்றில் எப்போதோ நிறுவப்பட்டிருப்பதால், எந்தப் படியை விட்டாலும் அங்கே வேலை செய்துவிடும். அடுத்த பயிலுநருக்குப் புதிய மடிக்கணினி கொடுக்கும் நாளில் அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல், கை எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உதவ மனம் துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே அவரைக் கொண்டு அந்த இடங்களைத் திருத்துவியுங்கள். ஒரு மாதம் போனால் தான் எங்கே தடுமாறினார் என்பது அவருக்கே மறந்துவிடும்.

இன்னொன்றை மூத்தவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். நிறுவும் முறையை மாற்றுகிற எவரும் தன் மாற்றத்தை மற்றவர்கள் பார்த்து ஏற்பதற்காக அனுப்பும் அதே புல் ரிக்குவெஸ்டில் வழிகாட்டியையும் மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதை ஏற்கக் கூடாது. இதற்கு அவர்கள் இணங்காவிட்டால் உங்கள் திருத்தம் அடுத்த பதிப்பு வரைதான் தாங்கும்.