6 வயசுக்கு ஸ்ட்ரோலர், ஆர்லாண்டோ ட்ரிப்

சிஸ்டர், பொண்ணுக்கு 6 வயசு, 23 கிலோ, அமெரிக்கால ஆர்லாண்டோல இருக்கற டிஸ்னி வேர்ல்டுக்கு ஸ்ட்ரோலர், அதாவது குழந்தைய உக்கார வச்சு தள்ற வண்டி, தர்மபுரியில எங்க வாங்கறதுன்னு கேட்டிருந்தீங்க. இங்க அலையாதீங்க, நம்மூர்ல கிடைக்கறது பெரும்பாலும் 15 கிலோ தாங்கற கைக்குழந்தை வண்டிதான், கால் தரையில இழுபடும். பார்க்குலயே வாடகைக்கு தர்ற சிங்கிள் வண்டியும் 50 பவுண்டுக்குத்தான், அதாவது 22.7 கிலோ, உங்க பொண்ணு தாண்டிட்டா. ஆர்லாண்டோல வெளிய வாடகைக்கு விடறவங்க இருக்காங்க, ஹோட்டலுக்கே கொண்டாந்து தருவாங்க, அதுல ஜாகிங் ஸ்ட்ரோலர்னு பெரிய சக்கரம் வச்ச மூணு சக்கர வண்டி கேளுங்க, சிலது 34 கிலோ வரைக்கும் தாங்கும். ஆனா அகலம் 31 இன்ச், நீளம் 52 இன்ச் தாண்டினா உள்ள விடமாட்டாங்க, இழுக்கற வேகன் சுத்தமா கூடாது. ஆறு வயசுக்கு வண்டியான்னு வீட்ல கேப்பாங்க, கண்டுக்காதீங்க, ஒகேனக்கல்ல பஸ் ஸ்டாண்டுலருந்து அருவிக்கு நடக்கவே தூக்குன்னு அடம்புடிக்கற வயசுதானே. கைப்பிடில கலர் ரிப்பன் ஒண்ணு கட்டிடுங்க, ரைடு முடிஞ்சு வந்தா நிறுத்துன வண்டிய ஊழியர்ங்க நகர்த்தி வச்சிருப்பாங்க.