கைலி, கவரால், லீவுச் சட்டை: உச்சிப்புளித் தம்பிக்கு

தம்பி, நீ எழுதியதைப் படித்தேன். உச்சிப்புளியில் இருந்து துபாய் வந்து சில மாதம்தான் ஆகிறது. சைட்டில் சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த நீலக் கவரால், தங்குகிற கேம்ப்பில் கைலி. கைலி கட்டினால் ரூமில் ஒரு பையன் "பட்டிக்காடு" என்று கிண்டல் செய்கிறான். மாலுக்குள் போனால் செக்யூரிட்டி உன்னை மட்டும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. முதல் லீவில் தங்கச்சி கல்யாணம். பிராண்ட் சட்டை, ஷூ, வாட்ச், ஒரு கோட்டு இதெல்லாம் இல்லாமல் போய் இறங்கினால் "துபாயில் இவன் என்னத்தைக் கிழித்தான்" என்று ஊர் கேட்கும் என்கிறாய். அதற்காகக் கைமாற்று வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

கைமாற்று வேண்டாம். ஏஜென்ட் கடனே இன்னும் முடிந்திருக்காது. மற்றதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்.

"உடுப்பில் என்ன இருக்கிறது, மனசுதான் முக்கியம்" என்று யாராவது உனக்குச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்துக்காரன் அதைச் சொல்லவே கூடாது. 1930 டிசம்பரில், சிவகங்கை, தேவகோட்டை எல்லாம் சேர்ந்திருந்த அந்தப் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் எட்டு தடை போட்டார்கள். அந்த எட்டில் பெரும்பாலானது உடம்பில் போடுகிற விஷயம்தான். தங்கம் வெள்ளி நகை கூடாது. ஆம்பளைக்கு வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே துணி கூடாது. சட்டை, கோட்டு, பனியன் எதுவும் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மிச்சம் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு இருக்கக் கூடாது என்பது. அடுத்த வருடம் எட்டு பதினொன்று ஆனது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஒரு பனியனுக்காக வீட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள் என்றால், துணியில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஊரில் இது யாரும் எழுதிப் படித்த தடை இல்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். என் தாத்தா அப்போது வாலிபர். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே சட்டை போட்டார், கிராப் வெட்டினார், ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் ரயில் போகிற வரைக்கும் சட்டை உடம்பில் இருக்குமாம். ராமநாதபுரத்தில் இறங்கி நடந்து, ஊர் எல்லை வந்ததும் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். கொழும்புக் குடை மட்டும் கக்கத்தில் இருக்கும், விரிக்க மாட்டார். "மழை பெஞ்சாலும் விரிக்க மாட்டாரு, ஆனா அதை வீட்ல விட்டுட்டும் போக மாட்டாரு" என்று அப்பத்தா சொல்லும். தலையில் முடி மட்டும் உடனே வளர்ந்துவிடாதே, அதற்கு ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாராம்.

ஆக, நாலு பேர் மதிக்கிற மாதிரி உடுத்திக்கொண்டு ஊருக்குள் நடக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுவது பந்தா இல்லை. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் சண்டை போடுவது அதை எந்தக் காசில் செய்வது, யார் கண்ணுக்காகச் செய்வது என்பதில்தான்.

இங்கே உன்னைப் பார்க்கிற கண்கள் வேறு. ஊரில் உன் முகத்தைப் பார்த்தாலே இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன ஆள் என்று தெரியும். சட்டை அதற்கு மேலேதான் வரும். இங்கே யாருக்கும் உன் தெரு தெரியாது. அது பெரிய நிம்மதி, அதை நீ இன்னும் உணரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்: என்ன வேலை, என்ன விசா. அதைத் துணியில்தான் படிப்பார்கள். பெரும்பாலான சைட்டில் வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியருக்கு, மஞ்சள் நமக்கு. ஒரு தடவை எங்கள் சைட்டில் இன்ஜினியர் ஒருவர் தன் ஹெல்மெட்டை எங்கோ வைத்துவிட்டு, அவசரத்துக்கு என்னுடைய மஞ்சளை வாங்கி மாட்டிக்கொண்டு கேட் பக்கம் போனார். தினமும் அவருக்கு சல்யூட் அடிக்கிற கேட்காரர், "ஏ, கிதர் ஜாத்தா ஹை", எங்கே போகிறாய் என்று இந்தியில் ஒரு சத்தம் போட்டார் பார். இன்ஜினியர் முகம் செத்துவிட்டது. எங்களுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு.

மால் செக்யூரிட்டி பார்ப்பதும் அந்த வகைதான். அவரும் நேபாளத்தில் இருந்தோ ஆப்பிரிக்காவில் இருந்தோ வந்து, தனக்கு அளவு சேராத கோட்டை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். கவராலோடு பத்துப் பேர் சேர்ந்து வந்தால் கூட்டத்தைப் பார்க்கிறார், உன்னை இல்லை. நீ பேன்ட் சட்டையோடு தனியாகப் போய்ப் பார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கிறது.

சரி, கைலிக்கு வருவோம். அந்தப் பையன் சிரிக்கிறான் என்றால் அவனிடம் இதைச் சொல். இந்த நாட்டுக்காரர்கள் போடுகிற வெள்ளை நீள அங்கி, கந்தூரா, அதற்கு உள்ளே இடுப்பில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? நம் கைலி மாதிரியே சுற்றிக் கட்டுகிற ஒரு துணிதான், வுஸார் என்பார்கள். வெயிலும் கடலும் உள்ள பல ஊரில் ஆம்பளை அதைத்தான் கட்டுவான். பர்மாக்காரன், பங்களாதேஷ்காரன், இந்தோனேசியாக்காரன், மலையாளி எல்லாரும் அதேதான். நம் கடற்கரையில் மட்டும் என்ன, பாம்பனில் வலை பின்னுகிறவரும் கட்டுவார், கீழக்கரையில் மாடிவீடு கட்டின முதலாளியும் சாயங்காலம் திண்ணையில் அதோடுதான் உட்காருவார். அதனால் ரூமில் தாராளமாகக் கட்டு. கீழே பக்காலாவுக்கு, அதுதான் மளிகைக் கடைக்கு, தயிர் வாங்கப் போகும்போதும் கட்டலாம், முழுசாக இறக்கிவிட்டுக்கொள். தொடைக்கு மடித்துக் கட்டுவது மட்டும் ரூம் வாசலைத் தாண்டக் கூடாது. மால் வாசலில் இருக்கிற போர்டு தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தக் கணக்கில் கணுக்கால் வரை இறங்கிய கைலி பாஸ்தான். ஆனாலும் கட்டிக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு செக்யூரிட்டியோடு வாசலில் நின்று விதி பேசுகிற அளவுக்கு உனக்கு இன்னும் இந்தி வராது.

கந்தூரா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் நமக்குத் தெரியும். அவர்களுக்குள் துணியைத் தொடாமலே தரம் சொல்லிவிடுவார்கள். நல்ல துணி ஜப்பானில் இருந்து வருகிறது. ஆக அங்கேயும் இதே ஆட்டம்தான் நடக்கிறது, நமக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

என்னோடு ரொம்ப நாள் ரூமில் இருந்த கீழக்கரை முஸ்லிம் அண்ணன், காக்கா என்று கூப்பிடுவோம், ஒருவர் சொல்வார்: அவர் உம்மா காலத்தில் ஊரில் பெண்கள் வெளியே போகும்போது வெள்ளைத் துப்பட்டி போர்த்துவார்கள். அப்புறம் சபுராளிகள், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள், லீவுக்கு லீவு கொண்டு வந்த கருப்பு அபாயா வந்து, வெள்ளை வயசானவர்களோடு நின்றுவிட்டது. "வெள்ளையில இருந்தப்பவும் மார்க்கத்துலதான இருந்தோம், தம்பி" என்பார். அவர் மகள்கள் கருப்புதான் போடுகிறார்கள், அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. சும்மா சொல்வார். போகிறவன் உடுப்பு மட்டும் மாறுவதில்லை, இருக்கிறவர்கள் உடுப்பும் மாறும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் வீட்டிலேயே பார். என் மனைவி ஷார்ஜாவில் பேன்ட், டாப்ஸ் போட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். லீவுக்குப் போகும்போது மதுரை ஏர்போர்ட்டில் பெட்டி எடுத்ததும் பாத்ரூமுக்குப் போய்ச் சேலைக்கு மாறிவிட்டுத்தான் வெளியே வருவாள். எதற்கு, அப்படியே வா என்று நான் சொல்வேன். "உங்களுக்கு என்ன, உங்களை யார் கேக்கப் போறா" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தாவின் பைக்குள் போன சட்டை எனக்கு ஞாபகம் வருவது அந்த இடத்தில்தான். நாம் ஆம்பளைகள், பெருசாகக் காட்டிக்கொள்வதற்கு உடுத்துகிறோம். அவள் சின்னதாகத் தெரிவதற்கு உடுத்துகிறாள்.

இங்கே உனக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். அளவாக இருக்கிற இரண்டு பேன்ட், காலர் வைத்த முழுக்கைச் சட்டை இரண்டு, ஒரு கருப்பு ஷூ. பிராண்ட் வேண்டாம், அளவு முக்கியம். பேங்க், விசா பேப்பர் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர், பாஸ்போர்ட் வேலை, வேறு வேலைக்கு இன்டர்வியூ என்று போகும்போது அதைப் போடு. அங்கே உடுப்பு நிஜமாகவே காரியம் செய்யும்: கவுன்டரில் இருக்கிறவர் உன்னை உட்காரச் சொல்லிப் பேசுவார். கவரால் இரண்டு ஜோடி இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைத்துவிடு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த ஓய்வு இருந்தும், வியர்வை காய்ந்து முதுகில் வாலிநோக்கம் உப்பளப் பாத்தி மாதிரி வெள்ளை பூத்துவிடும். அதோடு மெட்ரோவில் ஏறினால் ஆட்கள் தள்ளி நிற்பது சாதி பார்த்து இல்லை, வாசனை பார்த்து. கனமான அத்தரை அதன் மேல் ஊற்றாதே, இன்னும் மோசமாகும். சோப்பு போதும்.

இப்போது ஊர். அங்கே லீவுக்கு வந்தவன் சட்டையை யாரும் சட்டையாகப் பார்ப்பதில்லை, பாஸ்புக்காகப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தன், பெயர் வேண்டாம், மே மாதத்தில் கோட்டுப் போட்டு மதுரையில் இறங்கினான். அக்னி நட்சத்திரம். பரமக்குடி வருவதற்குள் அது மடியில் இருந்தது, ராமநாதபுரத்தில் மறுபடி மாட்டிக்கொண்டான். வாட்ச், செயின், கண்ணாடி எல்லாம் உண்டு. மறுநாளே திருவிழா நன்கொடை நோட்டு வந்தது, அவன் பெயருக்கு எதிரே தொகையை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம் படகு எஞ்சினுக்குக் கொஞ்சம் என்று ஒருவர், மகன் விசாவுக்கு என்று ஒருவர். இல்லை என்று சொன்னால் "கோட்டுப் போடக் காசு இருக்கு" என்கிறார்கள். அவன் கோட்டே தவணையில் வாங்கியது, அதை எங்கே போய்ச் சொல்வது? வட்டிக்கு வாங்கித் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

அதற்காக அழுக்குச் சட்டையோடும் போய் நிற்காதே. உன் அம்மா பஸ் ஸ்டாப்பில் நிற்கும். பக்கத்தில் அம்மாவோடு வேலை பார்க்கிற நாலு பேர் நிற்பார்கள். நீ வாடி வதங்கி இறங்கினால் அது அம்மாவுக்குத்தான் குறைச்சல். புதுச் சட்டை, சவரம் செய்த முகம், நல்ல செருப்பு. கோடாலித் தைலமும் சாக்லேட்டும் எல்லார் வீட்டுக்கும் கொஞ்சம் கொடு, அதில் கஞ்சத்தனம் பண்ணாதே. செயின் வேண்டாம்.

கடைசியாக அந்தக் கோட்டு. நீ இதை யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்: கல்யாணம் உன் தங்கச்சிக்கு. நீ பொண்ணுக்கு அண்ணன். மணவறையில் உனக்கு முறைக்காரன் வேலை இருக்கும், அதற்கு வேட்டியும் துண்டும்தான். அதுவும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம், இங்கே கிடைப்பதை விட நன்றாக இருக்கும். கோட்டுப் போட்டு நிற்கப் போவது மாப்பிள்ளை, முதல் நாள் ரிசப்ஷனில். நம் பக்கம் பல வீட்டில் அந்தக் கோட்டைப் பொண்ணு வீட்டார்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிப் பேச்சு இருக்கிறதா என்று அப்பாவிடம் இந்த வாரமே கேள். இருந்தால் உனக்கு ஒதுக்கிய காசை அதற்கு வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு எந்த நிறக் கோட்டு வேண்டும் என்று கேட்டுவிட்டு இங்கே துபாய் மீனா பஜாரில் துணியாக எடுத்துப் போ. இங்கே தைக்கக் கொடுக்காதே, அளவு எடுக்க ஆள் ராமநாதபுரத்தில் இருக்கிறார். நடுவில் ஒரு வாரமாவது தையல்காரருக்கு வேண்டும், அதைப் பார்த்து டிக்கெட் போடு.