வெல்டர் படிக்கும் மகனைத் திறன் போட்டிக்கு அனுப்பலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். திருச்சிப் பக்கம் அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவில் படிக்கும் உங்கள் இளைய மகனை, மாநிலத் திறன் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்படி அவருடைய பயிற்றுநர் வற்புறுத்துவதாகவும், அதே வேளையில் துவாக்குடியில் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் நிறுவனம் தேர்ச்சி பெற்றதும் அவரை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ள முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பது உங்கள் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் விட வேண்டாம். அவர் அப்ரண்டிஸாகச் சேரட்டும். அங்கே இருந்துகொண்டே போட்டிக்குத் தயாராகட்டும். பதக்கத்தை நம்பி ஒரு வருட வருமானத்தையும் பணி அனுபவத்தையும் தள்ளிப்போடுவது உங்கள் குடும்ப நிலைக்குப் பொருந்தாது. ஆனால் போட்டிக்குத் தயாராகும்போது பையன் கற்றுக்கொள்வதைப் பெரும்பாலான பட்டறைகள் கற்றுத்தருவதில்லை என்பதால், அந்த வாய்ப்பை நழுவவிடுவதும் சரியல்ல.

இந்தப் போட்டி என்ன என்பதைச் சற்று விளக்குகிறேன், ஏனென்றால் "ஏதோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி" என்று உங்கள் கணவர் நினைப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கைத்தொழில் இளைஞர்களுக்கான உலகப் போட்டி 1950ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில், ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் கலந்துகொள்ளத் தொடங்கியது. இன்று வேர்ல்ட்ஸ்கில்ஸ் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் போட்டியில் வெல்டிங், பிளம்பிங், மின் இணைப்பு, செங்கல் கட்டுமானம், மெக்கட்ரானிக்ஸ், முடிதிருத்தம், பேக்கரி என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. இந்தியா 2007 முதல் கலந்துகொண்டு வருகிறது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேசியப் போட்டிதான் இந்தியாஸ்கில்ஸ். 2024 மே மாதம் டெல்லியில் நடந்த தேசியச் சுற்றில் 61 தொழில்களில் போட்டி நடந்தது. அந்த இடத்துக்குப் போவதற்கு முன் மாநில அளவில் வெல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சுற்றைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் டிஎன்ஸ்கில்ஸ் என்ற பெயரில் நடத்துகிறது. பயிற்றுநர் பெயர் கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான் இருக்கும்.

வெல்டிங் பிரிவில் என்ன செய்யச் சொல்வார்கள் என்பதுதான் உங்கள் முடிவுக்கு முக்கியம். உலகப் போட்டியில் நான்கு நாட்களில் ஏறத்தாழ 18 மணி நேரம் வேலை இருக்கும். முதலில் சோதனைக் கூப்பன்கள்: தடித்த தகடுகளையும் குழாய்களையும், படுக்கையாகவும் செங்குத்தாகவும் தலைக்கு மேலாகவும் வைத்து இணைக்க வேண்டும். அடுத்து, தகடுகளையும் குழாய்களையும் சேர்த்து ஒரு அழுத்தக் கலத்தை (அழுத்தம் தாங்கும் மூடிய தொட்டியை) கட்ட வேண்டும். முடிந்ததும் அதில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவார்கள், ஒரு துளி கசிந்தாலும் மதிப்பெண் போய்விடும். பிறகு அலுமினியத்தில் ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்று. கூப்பன்களைக் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், சிலவற்றை உடைத்தும் பார்ப்பார்கள். உள்ளே ஒரு பிளோ ஹோல் (காற்றுக் குமிழி ஓட்டை) இருந்தாலும், ஸ்லாக் (கசடு) சிக்கியிருந்தாலும், ரூட் (இணைப்பின் அடிப்பகுதி) சரியாக இறங்காமல் இருந்தாலும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அந்த விதிகளில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று உண்டு. முடித்த கேப்பிங்கின், அதாவது வெல்டிங்கின் கடைசி மேல் அடுக்கின் மேல் கிரைண்டர் வைக்கக் கூடாது; கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்வதோடு சரி. நம் ஊர்ப் பட்டறைகளில் நடப்பது வேறு. அவசர ஆர்டர் என்றால் வெல்டிங் மேடுபள்ளமாக வந்தாலும் கிரைண்டரைப் போட்டு வழவழவென்று தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது போதும். கொதிகலனுக்கும் அழுத்தக் குழாய்க்கும் போதாது. கிரைண்டரை நம்பிப் பழகிய கை, ஐந்து வருடம் ஆனாலும் அதே இடத்தில்தான் நிற்கும். ராடு (உருகி இணைக்கும் வெல்டிங் குச்சி) முடியும் இடத்தில் நிறுத்தி, அடுத்த ராடை அதே இடத்தில் தொடங்கும்போது இணைப்பு தெரியாமல் போகிறதா என்பதைப் பார்த்தாலே வெல்டரின் தரம் தெரிந்துவிடும். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவன் அந்த ஒரு இணைப்பை நூறு முறை போட்டுப் பார்ப்பான்; ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து வேலை வாங்கும் பட்டறையில் அதற்கு நேரம் கிடைக்காது. போட்டியின் பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பதக்கத்தைப் பற்றி உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2019இல் ரஷ்யாவின் கசானில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்கு ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் கிடைத்தன. 2024இல் பிரான்சின் லியோனில் நான்கு வெண்கலம் கிடைத்தது: பேஸ்ட்ரி, இண்டஸ்ட்ரி 4.0 (கணினி இணைந்த தானியங்கி உற்பத்தி), ஓட்டல் வரவேற்பு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகிய பிரிவுகளில். இந்த இரண்டு போட்டிகளிலும் வெல்டிங்கில் நமக்குப் பதக்கம் இல்லை. இதைச் சொல்வது உங்கள் மகனைத் தளரச் செய்வதற்காக அல்ல. பதக்கம் வந்தால்தான் பயன் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டால், மாநிலச் சுற்றில் வெளியே வந்த அன்றே அது தோல்வி என்று ஆகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். முந்தைய உலகப் போட்டிகளின் வரைபடங்களும் மதிப்பெண் முறையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயிற்றுநரோடு உட்கார்ந்து படித்து, வரைபடத்தில் சொன்ன அளவுக்குத் தகடு வெட்டி, பெவல் எடுத்து (விளிம்பைச் சாய்வாகச் சீவி), டாக் வைத்து (துண்டுகளைப் புள்ளி புள்ளியாகத் தற்காலிகமாக இணைத்து), தானே அளந்து தானே மதிப்பெண் போடப் பழகினால், போட்டியில் எந்தச் சுற்றில் வெளியே வந்தாலும் அந்தக் கைத்திறன் அவரிடம் இருக்கும்.

இப்போது அப்ரண்டிஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே அந்த நிறுவனம் உங்களுக்குச் செய்வது சலுகை அல்ல. கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் அரசு அப்ரண்டிஸ் இணையதளத்தில் முறையான ஒப்பந்தம் போடுகிறார்களா என்பதை அவசியம் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாமல் "வந்து வேலையைக் கற்றுக்கொள்" என்று வைத்துக்கொண்டால், மாத உதவித்தொகைக்கும் உத்தரவாதம் இல்லை, முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழுக்கான தேர்வும் எழுத முடியாது. அந்தச் சான்றிதழ்தான் பெரிய நிறுவனங்களின் வாசலில் கேட்கப்படும். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். திருச்சி பெல் (பிஎச்இஎல்), பொன்மலை ரயில்வே பணிமனை, நெய்வேலி என்எல்சி ஆகியவையும் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. துவாக்குடியில் இடம் உறுதியாக இருக்கிறது என்பதற்காக அந்த அறிவிப்புகளுக்கு விண்ணப்பிக்காமல் விட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மகன் மேலாளரிடம் போட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாநிலச் சுற்றுக்கு எத்தனை நாள் விடுப்பு வேண்டும், மாலையில் ஒரு மணி நேரம் பழைய துண்டுத் தகடுகளில் பயிற்சி எடுக்க அனுமதி உண்டா என்று கேட்கட்டும். டிக் வெல்டிங் மெஷினும் அதற்கு வாயு தரும் ஆர்கான் சிலிண்டரும் விலை அதிகமானவை. ஐடிஐயில் அவை இருந்தாலும் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. நிறுவனத்தில் அந்த மெஷினில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அதுவே பெரிய ஆதாயம். திருச்சியில் 1975இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பெல் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி நேரில் போய் விசாரித்து வரச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கென்று இப்படி ஒரு நிலையம் பக்கத்திலேயே இருப்பது வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத வசதி.

வயது விஷயத்தில் மட்டும் கால தாமதம் கூடாது. உலகப் போட்டியில் பெரும்பாலான தொழில்களுக்கு, போட்டி நடக்கும் ஆண்டில் 22 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வெல்டிங்கும் அதில் அடங்கும். மெக்கட்ரானிக்ஸ் போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் 25 வரை அனுமதி உண்டு. ஒருவர் உலகப் போட்டியில் ஒரே ஒரு முறைதான் பங்கேற்கலாம். உங்கள் மகன் 2007இல் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2026 ஷாங்காய் போட்டிக்குத் தயாராக அவருக்குக் காலம் போதாது. அவருக்குப் பொருந்துவது 2028இல் ஜப்பானின் ஐச்சியில் நடக்க இருப்பது, அப்போது அவருக்கு 21 வயது. அதற்கடுத்த சுற்றுக்கு வயது கடந்துவிடும். ஆகவே அவருக்கு முழுமையான ஒரு வாய்ப்புதான் இருக்கிறது, அதற்குத் தயாராக வேண்டிய காலமும் அவருடைய அப்ரண்டிஸ் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. நான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண் கெட்டுவிடுமே என்ற உங்கள் பயம் நியாயமானது. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் இரவில் கண்ணில் மணலைக் கொட்டியது போல் உறுத்தும், தண்ணீர் வழியும். அதை அடிக்கடி வரவிடுவது தவறு. ஆனால் அது தொழிலின் விதி அல்ல, கவனக்குறைவின் விளைவு. சரியான ஷேடு (கருமை அளவு) உள்ள கண்ணாடியோடு கூடிய ஹெல்மெட், தோல் கையுறை, ஏப்ரன், பாதுகாப்பு ஷூ, புகை வெளியேற வழி ஆகியவை இருக்கின்றனவா என்று நிறுவனத்தைப் பார்க்கப் போகும் நாளில் நீங்களே பாருங்கள். அங்கே வேலை செய்பவர்கள் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, லுங்கியும் ரப்பர் செருப்புமாக நின்றால் மகனை அங்கே சேர்க்க வேண்டாம். போட்டியில் பாதுகாப்புக்கும் தனி மதிப்பெண் உண்டு. அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் வாழ்நாள் முழுதும் கண்ணையும் நுரையீரலையும் காக்கும்.

"மூத்தவன் இன்ஜினியரிங் படித்திருக்கிறான், இளையவன் வெல்டரா" என்று உறவினர்கள் பேசுவது உங்களை வருத்தியிருக்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனாலும் படிப்பு இத்தோடு நின்றுவிடும் என்ற கவலை உங்களுக்கே இருந்தால் அதற்குப் பதில் உண்டு. வெல்டர் ஓராண்டுப் படிப்பு என்பதால் அதை வைத்துப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஃபிட்டர் போன்ற இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர்களுக்குத்தான் அந்த வழி. உங்கள் மகன் விரும்பினால் பின்னால் ஃபிட்டர் பிரிவையும் முடித்து அந்த வழியில் டிப்ளமோவுக்குப் போகலாம். கற்பிக்கும் ஆர்வம் இருந்தால், கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்றுநர் பயிற்சி முடித்து ஐடிஐயிலேயே பயிற்றுநர் ஆகலாம். நான் முதலில் பரிந்துரைப்பது வேறு: இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு 6ஜி நிலையில், அதாவது 45 டிகிரி சாய்வாக அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிவந்து வெல்டிங் செய்யும் தேர்விலும், கொதிகலன் வேலைக்கான ஐபிஆர் வெல்டர் தேர்விலும் தேர்ச்சி பெறுவது. போட்டிப் பதக்கம் எதுவும் இந்தத் தேர்வுகளுக்கு ஈடாகாது. ஆனால் போட்டிக்குப் பழகிய கைக்கு இந்தத் தேர்வுகள் கடினமாக இருக்காது.

வளைகுடா நாட்டு வேலை என்று ஆசைகாட்டி யாராவது இப்போதே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த வாய்ப்பு வரும் காலத்தில், பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. போட்டியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரையும் அதே போல் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பதிவை மகனே பயிற்றுநரின் உதவியோடு செய்யலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயரின் எழுத்தும், இனிஷியலும், பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். வயது வரம்பு உள்ள போட்டிக்கும், அப்ரண்டிஸ் ஒப்பந்தத்துக்கும், பின்னால் பாஸ்போர்ட்டுக்கும் இதில்தான் பல பிள்ளைகள் தடுக்கி நிற்கிறார்கள். வித்தியாசம் இருந்தால் ஆதார் மையத்தில் திருத்தி, வங்கிக் கணக்கை மகன் பெயரிலேயே ஆதாரோடு இணைத்துவிட்டு, அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடலாமா என்று எழுதுகிறேன்.