விளையாட்டில் குழந்தைக்கு என்ன வேலை?

வணக்கம் சார்,

சாத்தூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் இந்த ஜூனில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் 32 பிள்ளைகள். மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆயாம்மா. பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது நாலு வரி நோட்டும் கட்டம் போட்ட நோட்டும்தான். காலாண்டுக்குள் ஏ முதல் இசட் வரை எழுத வேண்டும், 1 முதல் 50 வரை சொல்ல வேண்டும் என்கிறார்கள். அதையும் 'விளையாட்டு முறையில்' செய்யச் சொல்கிறார்கள்.

யூடியூபைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டையில் 32 மாம்பழம் வெட்டினேன். மறுநாள் பிள்ளைகள் மஞ்சள் காகிதத்தை ஒட்டி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரே கூச்சல். சாயங்காலம் கூப்பிட வரும் அம்மாக்கள், "இன்னைக்கும் வெளையாட்டுதானா மிஸ்?" என்று கேட்கிறார்கள். பள்ளிகளுக்குக் கதை சொல்லப் போகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். செலவில்லாமல், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு உண்மையில் என்ன செய்ய முடியும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்த மாம்பழத்தில் எல்லா முடிவையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள். என்ன பழம், எவ்வளவு பெரிது, என்ன நிறம், எங்கே ஒட்டுவது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துபோனது. பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது பசை தடவும் வேலை மட்டும். இணையத்தில் 'ஆக்டிவிட்டி' என்று வருவதில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட அழகாக இருக்கும். ஒரு விளையாட்டைப் பார்த்தால் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: இதில் குழந்தை யோசித்து முடிவெடுக்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கொட்டாங்குச்சியே போதும். இல்லாவிட்டால் எத்தனை ஆயிரம் ரூபாய் மரச்சாமான் வாங்கிப் போட்டாலும் நோட்டில் எழுத வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எண்ணிலிருந்து தொடங்கலாம். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பாள். அவள் முன்னால் கொஞ்சம் புளியங்கொட்டையைக் குவித்து வைத்து, "எனக்கு நாலு கொடு" என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990-லும் 1992-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் பற்றியவைதான். குழந்தைக்கு முதலில் 'ஒன்று' மட்டும் புரிகிறது. அதற்கு மேல் எது கேட்டாலும் ஒரு கைப்பிடி. சில மாதம் கழித்து 'இரண்டு' பிடிபடுகிறது. மறுபடி சில மாதம் கழித்து 'மூன்று'. அதற்குப் பிறகுதான், எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கான பதில் என்று உறைக்கிறது. வாயால் ஐம்பது வரை சொல்வது ஒரு பாட்டு. பாட்டாக இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதைக் கணக்கு என்று நம்பி டிசம்பர் வரை ஓட்டிவிடக் கூடாது.

இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல விளையாட்டு கடை. சாத்தூர் என்றால் சேவுக்கடைதானே? கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டை, பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர், அவ்வளவுதான் சாமான். ஒருவர் கடைக்காரர். வாங்க வருபவர் கையில் ஒரு சீட்டு, அதில் மூன்று புள்ளியோ ஐந்து புள்ளியோ இருக்கும். எத்தனை புள்ளியோ அத்தனை கொட்டை பொட்டலத்தில் போக வேண்டும். தப்பாகப் போட்டால் நீங்கள் திருத்தப் போகாதீர்கள். வாங்கியவன் பிரித்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணு கம்மியா இருக்கு" என்று சண்டைக்கு வருவான். இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி எண்ணுவார்கள். நீங்கள் சிவப்பு மையால் சுழிப்பதைவிட அது வேகமாக மண்டையில் ஏறும். புள்ளிச் சீட்டு பழகிய பிறகு எண் எழுதிய சீட்டு கொடுங்கள். அப்புறம் எல்லாச் சீட்டையும் கடைக்காரரிடமே கொடுத்து விலை வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நாளில் அந்தக் கடையில் கடன் சொல்லும் ஆசாமி ஒருவன் முளைத்துவிடுவான்.

கடைக்காரராக இருக்கும் பிள்ளை இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதையும் கவனிப்பீர்கள். "கையைக் கட்டி உட்காரு" என்றால் அரை நிமிடம் தாங்காத அதே பிள்ளைதான். சோவியத் ரஷ்யாவில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் 1948-ல் இதைச் சோதித்தார். சின்னப் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொன்னபோது நின்ற நேரத்தைவிட, 'நீ காவல்காரன்' என்று விளையாட்டுக்குள் வைத்துச் சொன்னபோது நின்ற நேரம் பல மடங்கு அதிகம். தன்னை அடக்கிக்கொள்ளப் பழகுவது இந்த மாதிரி வேஷங்களில்தான் என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியின் வழி வந்தவர்கள் சொல்வார்கள். வகுப்பில் சத்தம் அதிகம் என்று புலம்பும் டீச்சர்களிடம் நான் சொப்புச் சாமான் வாங்கி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் உங்கள் பெயர்ப்பலகை ஞாபகம் வருகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார், கொடைக்கானலிலும் இருந்தார். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லாததால் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். அவர் முறையில் ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தானியத்தை ஊற்றுவது, துணி மடிப்பது, பித்தான் போடுவது எல்லாம் பாடம். உங்கள் வகுப்பில் அதை நாளைக்கே தொடங்கலாம். ஆனால் பாவனை விளையாட்டை அவர் பெரிதாக மதிக்கவில்லை, நிஜ வேலைதான் குழந்தைக்கு வேண்டும் என்றார். அதில் எனக்கு உடன்பாடில்லை. சேவுக்கடையை மூட வேண்டாம்.

அடுத்தது மணல். பள்ளி வாசலில் ஒரு கூடை மணல் கொட்ட இடம் இருந்தால் கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாடலாம். உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். மணலைக் கரை மாதிரி நீளமாகக் கூட்டி, அதற்குள் ஒரு சின்னக் குச்சியை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் ஒளித்துவிட வேண்டும். எதிரில் இருப்பவர் இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும் என்று தோன்றும் இடத்தில் பொத்துவார். எல்.கே.ஜி. வகுப்பில் இதை விளையாடினால் வேடிக்கையாக இருக்கும். பாதிப் பிள்ளைகள் ஒளித்துவிட்டு, "இங்கதான் இருக்கு!" என்று தாங்களே காட்டிக்கொடுப்பார்கள். 'ஐயோ, சொல்லக் கூடாது' என்று அதட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது மூன்று வயதில் சரியாக விளங்குவதில்லை, நாலை ஒட்டித்தான் மெல்ல விளங்க ஆரம்பிக்கிறது. விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-ல் செய்த சோதனையிலும், ஒருவன் இல்லாத நேரத்தில் இடம் மாற்றி வைத்த சாக்லேட்டை வைத்துத்தான் இதைப் பார்த்தார்கள். உங்கள் வகுப்பில் யார் குச்சியை ஒளித்துவிட்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறாள், யார் ஒளித்த இடத்தையே வெறித்துப் பார்க்கிறான் என்று பாருங்கள். ரிப்போர்ட் கார்டு சொல்லாத விஷயம் அதில் தெரிந்துவிடும். ஒரே பிள்ளை ஜூனில் காட்டிக்கொடுத்து, பொங்கலுக்குள் வேண்டுமென்றே தப்பான இடத்தைப் பார்த்து உங்களை ஏமாற்றக்கூடும்.

எழுத்து விஷயத்தில் உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது புரிகிறது. நம் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்புதான். நாலு வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் சுமார் பாதிதான் படத்தில் விழும். கடைசி எலும்பு தெரிய எட்டு வயதாவது தாண்ட வேண்டும். இதைக் காட்டி, ஆறு வயது வரை பென்சிலே தொடக் கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், விரல் பழக்கத்துக்கு எலும்பு மட்டும் கணக்கில்லை. தானாகப் பென்சிலை எடுத்துக் கிறுக்கும் பிள்ளை கிறுக்கட்டும். கையைப் பிடித்து நாலு வரிக்குள் அழுத்தி அழுத்தி எழுத வைப்பதுதான் வேண்டாம்.

அதற்குப் பதில் கோலம். ஈர மாவும் வேண்டாம், கல் பொடியும் வேண்டாம், பொடி பறந்து கண்ணில் விழும். கொஞ்சம் கொரகொரப்பான அரிசி மாவு போதும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு வேண்டிய அதே பிடிதான் பென்சிலுக்கும் வேண்டும். நாலு புள்ளி வைத்து இணைத்தால் சதுரம், ஒரு கோட்டை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட 'ப' வந்துவிடும். பையன்களையும் போடச் சொல்லுங்கள். "பொம்பளப் பிள்ளை வேலை" என்று யாராவது அப்பா சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு இன்னொன்றும் உண்டு. பழைய பிரஷ், ஒரு டப்பா தண்ணீர், வெளிச்சுவர். பிள்ளைகள் தண்ணீரால் எழுதுவார்கள், காய்ந்துபோகும், மறுபடி எழுதுவார்கள். தப்பு என்று அழிக்க ரப்பரே வேண்டாம். எழுத்து நோட்டு கட்டாயம் என்றால் இதற்கெல்லாம் பிறகு பத்து நிமிடம் கொடுத்து முடித்துவிடுங்கள்.

காது வேலைக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம், வருகைப் பதிவேடு இருக்கிறது. பெயரைக் கூப்பிடும்போது எல்லோருமாகத் தட்டுங்கள். முத்து என்றால் இரண்டு தட்டு, காவேரி என்றால் மூன்று. கொஞ்ச நாளில், "ரெண்டு தட்டுப் பெயர்க்காரங்க மட்டும் தண்ணி குடிக்கப் போகலாம்" என்று சொல்லுங்கள். பிறகு, "'க'வில் ஆரம்பிக்கிறவங்க போகலாம்". வரிசையில் தள்ளுமுள்ளும் குறையும். சொல்லைத் துண்டு துண்டாகக் காதால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு பின்னால் லேசாக வரும், ஏனென்றால் நம் எழுத்துகளே பெரும்பாலும் அந்தத் துண்டுகளின் அளவில்தான் இருக்கின்றன.

32 பேரை வைத்து இதெல்லாம் எப்படி என்பீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே விளையாட்டு என்பதை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் ஒருவன் விளையாட 31 பேர் காத்திருப்பார்கள், காத்திருக்கும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளத்தான் செய்யும். ஒரு மூலையில் கடை, ஒரு மூலையில் களிமண், ஒரு மூலையில் அடுக்கிக் கட்டுவதற்குச் சாமான், நடுவில் பாயில் உங்களோடு ஏழெட்டுப் பேர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுக்குவதற்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் சிலராவது தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். பக்கவாட்டில் மருந்து பூசாத வெறும் பெட்டியாகக் கேட்டு வாங்கினால் நூற்றுக்கணக்கில் ஒரே அளவுக் கட்டைகள் கிடைத்த மாதிரி.

ஆனால் இந்த நாலு இடத்துக்கு இன்னொரு பெரியவர் வேண்டும். நிர்வாகத்திடம் பொம்மை கேட்காதீர்கள், ஆயாம்மாவைத் தினமும் ஒரு மணி நேரம் கேளுங்கள். இதற்குச் சொல்ல நல்ல ஆதாரம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கலில் வந்த மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றரை வருடத்தில் அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது, கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறின. ஏற்கெனவே இருந்த பணியாளருக்குச் சத்துணவைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதம்கூடக் குறைந்தது. அங்கன்வாடிக்கு அரசு வைத்திருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பீஸ் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு நோட்டு, இலவசமாகப் போகும் பிள்ளைக்கு ஆட்டம் பாட்டு. யாருக்கு லாபம் என்று பெற்றோர் யோசிப்பதில்லை.

பெற்றோரைச் சும்மா குறை சொல்லவும் மனம் வரவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய காசுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஒரு படம் வரையட்டும். அதற்கடியில், "இது என்ன?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் நீங்கள் எழுதித் தேதி போடுங்கள். 'இது எங்க ஆச்சி. கோவமா இருக்கு' என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். 32 பேருக்கும் ஒரே வெள்ளியில் முடியாது, எட்டு எட்டுப் பேராகச் செய்தால் மாதம் ஒரு சுற்று வரும். வாசலில் கேள்வி கேட்கும் அம்மாவிடம் விளக்கம் சொல்வதைவிட, அவரையே ஒரு நாள் கடைக்கு வாடிக்கையாளராகக் கூப்பிடுங்கள். "ஆறு பொட்டலம் கொடுங்க" என்று அவர் கேட்டு, அவர் மகள் எண்ணி வைப்பதைப் பார்க்கட்டும்.

ஒன்று விட்டுப்போனது. புளியங்கொட்டை, மணி, கல் எதுவானாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். திரும்பி வந்ததை எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம், ஆனால் நீங்களும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். மூன்று வயது நிரம்பாத தம்பி தங்கை வகுப்புக்குள் வந்தால் முதலில் கொட்டையை எடுத்து மேலே வையுங்கள். யாராவது மூக்கில் போட்டுக்கொண்டால் விரலையோ ஊக்கையோ விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே போய்விடும். நேராக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.