பறை எடுக்கும் பெண்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் சிலர் பறை பழகி, குழந்தைத் திருமணத்திற்கு எதிராக ஊர் ஊராகச் சென்று வாசிக்க விரும்புகிறோம். 'அது சாவுக்கு அடிப்பது, பெண்கள் தொடக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மேலூர்

பதில்: பெரியவர்களுக்கான பதில் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், தலித் இளம்பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறையடித்து ஆடி, சாதிக் கொடுமையையும் பெண்ணடிமையையும் எதிர்த்து வருகிறார்கள். தெய்வம், உணவு ஆகியவற்றோடு பறையையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்தது தொல்காப்பியம். மதுரை வட்டாரப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் பெரியவர்களின் தயக்கத்திற்குப் பின்னால் இருப்பது கருவியைப் பற்றிய எண்ணம் மட்டுமல்ல. ஒரு சாதியாரை மட்டும் பிறர் வீட்டுச் சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று ஊர் கட்டாயப்படுத்தியதுதான் இழிவு. அதனாலேயே அச்சமூகத்தில் பலர் பறையைக் கீழே வைத்தார்கள். உங்கள் குழுவில் அச்சமூகத்துப் பெண்கள் இருந்தால், எங்கே வாசிப்பது, எந்த அழைப்பை மறுப்பது என்பதில் அவர்கள் சொல்லே முதலில் நிற்க வேண்டும். அவர்கள் இல்லாமல் மற்றவர்கள் மட்டும் பறையைத் தூக்கிக்கொண்டு சமூக மாற்றம் பேசுவது எனக்கு உவப்பானதல்ல.

முழக்க வாசகங்களை எழுதுவதற்கு முன் அடியைப் பழகுங்கள். இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக் குச்சியும் வலக்கையில் தடித்த அடிக்குச்சியும் பிடித்து, எல்லோரும் ஒரே அடியில் நின்று, ஒரே அடியில் நிறுத்தக் கற்பதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். (தோல் பறையை வாசிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருநிகழ்ச்சி வைக்காதீர்கள்.) முழக்கத்தின் மேல் பேசினால் ஒன்றும் கேட்காது, அடித்துக் கூட்டம் சேர்த்து, சட்டென நிறுத்திவிட்டு, அந்த அமைதியில் பேசுங்கள். பேச்சும் சுருக்கமாக இருக்கட்டும்: பெண்ணுக்கு 18 வயது நிறையாத திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் யாரும் தகவல் தரலாம் என்ற இரண்டும் போதும்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் இசைக்கருவி வாசிப்பதைத் தடை செய்கின்றன. ஆகவே வயல் வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் அந்தி நேரத்தையே தேர்ந்துகொள்ளுங்கள்.