சிறிய கிட்டார் கேபினட்: வாட்டைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (கிட்டார் ஒலியைப் பல விதமாக மாற்றும் காலடிக் கருவி) வைத்து வாசிக்கிறேன். வீட்டுக்கும் சிறு மேடைக்கும் உதவும்படி, ஒரு கையால் தூக்கக்கூடிய, ஆம்ப் உள்ளேயே அமைந்த கேபினட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியை, நானே செய்ய நினைக்கிறேன். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு, டி.பி.ஏ.3116 என்ற ஆம்ப் சிப் உள்ள 100 வாட் போர்டு போதுமா, இன்னும் பெரியது வேண்டுமா?

பதில்: அந்த 100 வாட்டை முதலில் மறந்துவிடுங்கள். 24 வோல்ட் கொடுத்து 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், சிதைவில்லாமல் 36 வாட்டுக்கு மேல் வர வழியே இல்லை. வோல்ட்டின் வர்க்கத்தை ஓமின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். 576-ஐ 16-ஆல் வகுத்தால் 36. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் என்றால் 22 வாட்தான். விளம்பரத்தில் வரும் 100 வாட், இரு சேனல்களையும் ஒன்றாக்கி 2 ஓம் சுமையில் எடுக்கும் கணக்கு. 2 ஓம் கிட்டார் ஸ்பீக்கரை எங்கே போய்த் தேடுவது?

ஆனால் 35 வாட் குறைவில்லை. செலஷன் வின்டேஜ் 30 போன்ற ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் ஒலி தரும். 35 வாட்டில் அது 115-ஐத் தொடும். டிரம்ஸ் பக்கத்தில் நின்று வாசித்தாலும் கேட்கும். அதே சத்தத்துக்கு, 94 டெசிபெல் உள்ள ஸ்பீக்கர் 140 வாட் கேட்கும். ஆகவே காசை போர்டில் போடாமல் ஸ்பீக்கரில் போடுங்கள். வின்டேஜ் 30-இன் எடை 4.7 கிலோ. தூக்குவதுதான் முக்கியம் என்றால் நியோடிமியம் காந்தம் உள்ளதை வாங்குங்கள். விலை கூடும், எடை பாதிக்கும் கீழே இறங்கும்.

பெடலில் ஒரு வேலை இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். பெடலில் உள்ள கேப் சிமுலேஷனும் (கேபினட்டின் ஒலியைப் போலச் செய்யும் அமைப்பு) அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒலி கம்பளி போர்த்தியதுபோல் மந்தமாகும். எனவே கேபினட்டுக்குப் போகும் அவுட்புட்டில் மட்டும் அதை அணைத்துவிட்டு, மிக்ஸருக்குப் போவதில் வைத்துக்கொள்ளுங்கள். பல பெடல்களில் இதைத் தனித்தனியாக அமைக்கலாம்.

பெட்டிக்கு நல்ல பிளைவுட் போதும். முன்பலகை 18 மில்லிமீட்டர், மற்றவை 12 அல்லது 15. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம்: கனம் அதிகம், ஈரத்தில் உப்பும், ஓரத்தில் திருகு நிற்காது. 42 செ.மீ. அகலம், 40 உயரம், 25 ஆழம் போதும். இந்த அளவில் முழுவதும் மூடிய பெட்டி டப்பாவுக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்கும் என்பதால், நான் பின்பக்கத்தின் நடுவில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே விடுவேன். பாஸ் கொஞ்சம் குறையும். சுவரிலிருந்து ஓரடி, இரண்டடி என்று நகர்த்திப் பார்த்தால் பிடித்த இடம் அகப்படும்.

இனி போர்டைப் பொசுக்கக்கூடிய இடம். இந்தச் சிப்பில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலுமே சிக்னல் ஓடுகிறது. மைனஸ் என்று குறித்திருப்பது கிரவுண்ட் அல்ல. உலோகத் தகட்டில் இன்புட் ஜாக்கையும் ஸ்பீக்கர் ஜாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கினால், தகடு வழியாக மைனஸ் கம்பி கிரவுண்டைத் தொட்டுவிடும். ஸ்பீக்கருக்கு ஜாக்கே வேண்டாம், கம்பியை நேராகப் பற்றவையுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உடல் கொண்டதாக இருக்கட்டும்.

230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வெளியிலேயே இருக்கட்டும். பெடலுக்கு அதன் சொந்த அடாப்டரைக் கொடுங்கள். ஒரே சப்ளையில் இரண்டையும் ஓட்டினால் கீச்சென்ற இரைச்சல் வரக்கூடும். பெடலின் ஒலியளவைத் தாராளமாக ஏற்றி, போர்டின் குமிழைக் குறைவாக வைத்தால் இரைச்சல் அடங்கும். கிட்டாரை நேரடியாக இதில் செருகவும் கூடாது. கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) 1 மெகாஓம் இன்புட் தேவை. இந்தச் சிப்பில் அதிகபட்சமே 60 கிலோஓம்.

பூட்டி முடித்ததும் கீழ் ஈ கம்பியை அழுத்தி மீட்டுங்கள். 82 ஹெர்ட்ஸில் ஏதாவது அதிர்ந்தால், ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் கைப்பிடியின் திருகையும், ஸ்பீக்கரின் கூம்பில் உரசும் கம்பியையும் பாருங்கள்.